எட்ட நின்றவள்

லூர்துராணி காவிரிப் பாலத்தைப் பேருந்தில் கடந்தபோது அவள் மடியில் ஒரு தெர்மாஸ் குடுவை இருந்தது. குடுவைக்குள் பனிக்கட்டியைத் தவிர வேறொன்றும் இல்லை. டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த நடத்துநர் குனிந்து பார்த்தார்.

"என்னங்கம்மா, சேமியா ஐஸா? கரையறதுக்குள்ள வித்துடுங்க."

"போறப்போ வெறும் ஐஸ்தாங்க. வரப்போ ரத்தம் இருக்கும்."

அவர் சட்டென்று நிமிர்ந்து பின் இருக்கைக்குப் போய்விட்டார்.

அது 1986ஆம் ஆண்டின் ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை. எடமலைப்பட்டி புதூர் தேவாலயத்தில் காலைப் பூசையை முடித்துக்கொண்டு, சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் மாறி, அவள் ஸ்ரீரங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். திருச்சியில் ஒரு கல்லூரியின் உயிரியல் துறையில் அவள் ஆய்வாளர். கல்லீரல் புற்றுநோய் சில குடும்பங்களை மட்டும் ஏன் விடாமல் பற்றிக்கொள்கிறது என்பதே அவளுடைய கேள்வி. பெற்றோரிடமிருந்து வரும் மரபணுவில் உள்ள குறையா, அல்லது தாயின் இரத்தத்திலிருந்து பிள்ளைக்குப் போகும் காமாலைக் கிருமியா? இளம் வயதில் எடுத்துக்கொண்ட அந்தக் கேள்வியோடுதான் அவள் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். திருமணத்தைப் பற்றி வீட்டில் கேட்பதை எல்லாரும் நிறுத்திவிட்டிருந்தார்கள்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவள் கருவுற்ற பெண்களின் இரத்தத்தைச் சோதித்தாள். கண்ணாடித் தகட்டில் கடற்பாசிக் கூழை ஊற்றி உறையவைத்து, அதில் அருகருகே இரண்டு குழிகள் தோண்டுவாள். ஒரு குழியில் பெண்ணின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரம், மற்றதில் கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்பொருள். கிருமி இருந்தால் மறுநாள் காலையில் இரண்டுக்கும் நடுவே மெல்லிய வெண்கோடு ஒன்று விழுந்திருக்கும். மேலச் சித்திரை வீதியைச் சேர்ந்த வேதவதியின் தகட்டில் அந்தக் கோடு விழுந்தது. வேதவதிக்கு அப்போது ஏழாம் மாதம். அவளுடைய தாயும் அண்ணனும் கல்லீரலில் கட்டி வந்து, ஒருவர் பின் ஒருவராக இறந்திருந்தார்கள்.

லூர்துராணி செய்தியைச் சொன்னாள். குழந்தை பிறந்த சில வாரங்களில் மேற்படிப்புக்காகப் பம்பாய்க்குப் போய்விட்டாள். அந்தக் கிருமி தன் மரபணுவைக் கல்லீரல் உயிரணுக்களின் மரபணுவுக்குள்ளேயே செருகிவிடுகிறது என்பதை அவள் அங்கேதான் தன் கண்ணால் கண்டாள். ஒரு நோயாளியின் கல்லீரல் கட்டியைச் சோதித்தபோது, எக்ஸ்ரே படச்சுருளில் கறுப்புப் பட்டைகளாக அது தெரிந்தது. அந்தக் கட்டி யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. புட்டியின் மேல் எண் மட்டும் இருந்தது. அன்றிரவு அவள் வேதவதியின் அண்ணனை நினைத்துக்கொண்டாள். அவருடைய கட்டியிலிருந்து ஒரு துணுக்கைக்கூட யாரும் எடுத்து வைத்திருக்கவில்லை. அந்த வீட்டின் கேள்விக்கு விடை எரிந்து சாம்பலாகிவிட்டது.

திருச்சிக்குத் திரும்பியும் இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய சோதனைப் பொருள்கள் இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தன. பழைய குடும்பங்களை மீண்டும் பார்க்க வேண்டும். வேதவதியின் குழந்தை என்ன ஆயிற்று என்பதை முதலில் அறிய வேண்டும்.

தெற்கு வாசலில் ராஜகோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தது. அதைக் கடந்து நடந்து, வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினாள். திறந்தவள் செங்கமலம். வேதவதியின் கணவருக்கு மூத்த சகோதரி. கணவனை இழந்து, பிள்ளை இல்லாமல், தம்பியின் வீட்டோடு இருப்பவள்.

"ரத்தம் எடுக்கற பொண்ணுதானே நீ? அப்போ குச்சியாட்டம் இருந்தே."

"பம்பாய்ச் சாப்பாடுங்க."

"கோதுமையைத் தின்னா அப்படித்தான். உள்ள வா. பாத்து வா, அந்தப் பக்கம் தளிகை உள்ளு," என்று சமையலறையைக் காட்டினாள்.

வேதவதியின் கணவர் அழகியமணவாளன் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"என் ரத்தம் வேணும்னா ஆபீஸ்லதான் கேக்கணும். எல்லாத்தையும் அவாளே உறிஞ்சிண்டுட்டா," என்று சிரித்தார்.

செங்கமலம் காபி கொண்டுவந்தாள். சமையலறைக்கு வெளியே சுவரில் இருந்த ஒரு மாடப்பிறையிலிருந்து எடுத்த தம்ளர் அது. லூர்துராணிக்கு அதில் வியப்பில்லை. ஸ்ரீரங்கத்துப் பல வீடுகளில் வேற்று மனிதருக்கென்று தனித் தம்ளர் உண்டு என்பதை அவள் அறிவாள். குடித்து முடித்து, கழுவி, தானே அதைப் பிறையில் கவிழ்க்கப் போனாள். அங்கே இன்னொரு தம்ளரும், ஒரு தட்டும், ஒரு கிண்ணமும் கவிழ்ந்திருந்தன.

"இது யாருக்குங்க?"

"அதுவா? வேதாவோடது," என்றாள் செங்கமலம்.

லூர்துராணி அவளைத் திரும்பிப் பார்த்தாள். செங்கமலம் பார்வையை முற்றத்துப் பக்கம் திருப்பிக்கொண்டாள். முற்றத்தின் மறுகரையில், கொல்லைப்புற அறையின் நிலைப்படியில் வேதவதி நின்றிருந்தாள். ஒன்பது ஆண்டுகளில் முன்தலை நரைத்துப் போயிருந்தது.

"வாங்கோ. சௌக்யமா இருக்கேளா?"

லூர்துராணி முற்றத்தில் இறங்கி அவளை நோக்கி நடந்தாள். வேதவதி அதே அளவு பின்வாங்கினாள்.

"கிட்ட வராதீங்கோ."

"எனக்கு ஒண்ணும் ஆகாதுங்க. உங்க ரத்தத்தையே என் மேஜையில வச்சிருந்தவ நான்."

"உங்களுக்கு ஆகாம இருக்கலாம். நீங்கதானே சொன்னேள், என் ரத்தத்துல இருக்கு, குழந்தைக்கு வரலாம், ஜாக்கிரதையா இருங்கோன்னு. இருக்கேன்."

வேறு வீடாக இருந்தால் அந்தச் சொல்லுக்கு ஊசியைக் கொதிக்கவைப்பது என்று பொருள் கொண்டிருப்பார்கள். சவரக் கத்தியைத் தனியே வைப்பது என்று கொண்டிருப்பார்கள். இந்த வீட்டில் ஜாக்கிரதை என்பதற்குத் தலைமுறைகளாக வகுத்து வைத்த ஓர் ஒழுங்கு முன்னமே இருந்தது. எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது, எந்தப் பாத்திரம் எங்கே கவிழ வேண்டும், யார் மேல் பட்டால் யார் குளிக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு. புதிதாக எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கிருமி அந்த ஒழுங்குக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பதினோராம் நாள் தீட்டுக் கழிக்கும் புண்ணியாகவாசனம் முடிந்ததும் வேதவதி குழந்தையை நாத்தனாரின் கையில் கொடுத்தாள். அதன்பின் அவள் மகளைத் தொடவில்லை. சமையலறைக்குள்ளும் நுழையவில்லை. தவறிப்போய் அவள் மேல் பட்டவர்கள் கிணற்றடிக்குப் போய்த் தலையில் நீர் விட்டுக்கொண்டார்கள்.

"நாங்க ஒண்ணும் அவளைத் தள்ளி வைக்கலை," என்றாள் செங்கமலம். "அவளாத்தான் ஒதுங்கிண்டா. நான் சண்டைகூடப் போட்டேன். பச்சைக் குழந்தை பாலுக்கு அழறது, என் கையில கொடுத்துட்டு அந்த உள்ளுக்குப் போய்க் கதவைச் சாத்திண்டா. அப்புறம்... எனக்கும் பழகிடுத்து."

கடைசிச் சொற்களை அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"தொட்டா வராதுங்க," என்றாள் லூர்துராணி. "பக்கத்துல படுத்தா வராது. ஒரே தட்டுல சாப்பிட்டா வராது. ரத்தம் கலந்தாத்தான் வரும். நான் அன்னைக்கே அதையும் சொன்னேன்."

"சொன்னேள். எங்க அம்மாகிட்டயும் எந்த டாக்டரும் குழந்தைகளைத் தொடாதேன்னு சொல்லலை. அவ எங்களை மடியை விட்டு இறக்கினதே கிடையாது. அம்மாவும் போனா, அண்ணாவும் போனார். நானும் போவேன். இவளாவது இருக்கட்டும்."

இதற்கு எதிராக லூர்துராணியின் கையில் புத்தகத்தில் படித்தது மட்டுமே இருந்தது. ஒரு தாயின் கண் முன்னே இரண்டு சாவுகள் இருந்தன.

"குழந்தையோட ரத்தத்தைப் பாத்துடுவோம். அது சொல்லும்."

மகள் கோதையை அழைத்தார்கள். மெலிந்த, கூரிய கண்களை உடைய பெண். வந்ததும் ஊசியைத்தான் பார்த்தாள்.

"எவ்வளவு எடுப்பேள்?"

"ஒரு ஸ்பூன் அளவுதான்."

"காபி ஸ்பூனா, சாம்பார்க் கரண்டியா? சரியாச் சொல்லுங்கோ."

"காபி ஸ்பூன்."

"அப்போ சரி."

செங்கமலம் பெண்ணைத் தன் மடியோடு அணைத்து, ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி இறங்கியபோது கோதை அத்தையின் தோளில் முகத்தை அழுத்திக்கொண்டாள். முற்றத்தின் மறுகரையில் வேதவதியின் விரல்கள் காற்றில் எதையோ பற்றுவதுபோல் மூடின, பிறகு திறந்தன.

"வலிச்சுதாடி?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"இல்லைம்மா," என்றாள் கோதை. பக்கத்து வீட்டு மாமிக்குச் சொல்லும் மரியாதை அந்தக் குரலில் இருந்தது.

புறப்படும் முன் லூர்துராணி வேதவதியின் இரத்தத்தையும் எடுத்தாள். கை நரம்பைத் தேடி அவள் விரலால் தடவியபோது வேதவதி கண்களை மூடிக்கொண்டாள். மனிதக் கை ஒன்று தன் மேல் பட்டு எத்தனையோ காலம் ஆகியிருக்க வேண்டும்.

"அவ வளர்றதை எப்படித் தெரிஞ்சுக்கறேன் தெரியுமோ? கொடியில காயற பாவாடையைப் பாத்துத்தான். இந்த வருஷம் நெடுநெடுன்னு வளர்ந்துட்டா," என்றாள். "தூங்கறப்போ வாயாலதான் மூச்சு விடறா. ஜன்னல்கிட்ட நின்னா கேக்கும். டாக்டர்கிட்டக் காட்டணும்னு செங்கமலம் அக்காகிட்டச் சொல்லியிருக்கேன்."

குடுவை நிறைந்து திரும்பியது.

ஆய்வுக்கூடத்தில் ஒரு விதியை லூர்துராணி எந்நாளும் மீறியதில்லை. குழாய்களின் மேல் இருக்கும் பெயர்களை உதவியாளர் பிச்சைமுத்து கிழித்துவிட்டு, தன் விருப்பம்போல் எண்களை ஒட்டுவார். எந்த எண் யாருடையது என்பது முடிவைப் படித்து எழுதும் வரையில் அவருக்கு மட்டுமே தெரியும். ஆசைப்படுவதைக் கண் பார்த்துவிடும் என்பதற்காக அவளே வகுத்த விதி அது.

கோதையின் இரத்தம் மூன்றில் ஒன்றைச் சொல்லும். கிருமி அதில் குடியிருக்கலாம். அப்படியானால் பாட்டியின் வழியில், மாமாவின் வழியில் இவளும் நிற்கிறாள். கிருமி வந்த சுவடே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் இனியும் வரக்கூடும். தடுப்பூசி வெளிநாட்டில் வந்துவிட்டது என்றாலும் இந்த ஊருக்கு வந்து சேரவில்லை. மூன்றாவதாக, கிருமி வந்து, உடம்பே அதை வென்று, எதிர்ப்பொருள் மட்டும் மிஞ்சியிருக்கலாம். அப்படிப்பட்டவரை அந்தக் கிருமி மறுபடி தீண்டாது.

பிளாஸ்டிக் தட்டுகளின் சிறு குழிகளில் சீரத்தை விட்டாள். முதல் தட்டு கிருமியைத் தேடுவது. மற்ற இரண்டும் எதிர்ப்பொருளைத் தேடுபவை. மூன்றிலும் விடை ஒரே நிறத்தில்தான் வரும். முதல் தட்டில் வரும் மஞ்சள் அஞ்சத்தக்கது. கடைசித் தட்டில் வரும் மஞ்சள் வேண்டத்தக்கது. கரைசலை விட்டுவிட்டுக் காத்திருந்தபோது, இதுவரை எந்தச் சோதனையிலும் செய்யாத ஒன்றைத் தான் செய்துகொண்டிருப்பதை அவள் உணர்ந்தாள். அவள் செபித்துக்கொண்டிருந்தாள். எந்தக் குழிக்காக என்றுகூட அவளுக்குத் தெரியாது.

முதல் தட்டில் சில குழிகள் மஞ்சளாயின. அவள் எண்களைப் படித்தாள். பிச்சைமுத்து தம் தாளைப் பார்த்துப் பெயர்களைச் சொன்னார். வேதவதியின் பெயர் வந்தது. கோதையின் பெயர் வரவில்லை. அடுத்து அவள் கடைசித் தட்டை எடுத்தாள்.

"இதுல ஒம்பதாம் நம்பர் நல்லா ஏறியிருக்கு. யாருங்க?"

"ஸ்ரீரங்கத்துப் பாப்பா," என்றார் பிச்சைமுத்து. பிறகு அவளை உற்றுப் பார்த்தார். "ஏன் மேடம், உக்காந்துட்டீங்க? கரண்ட்கூட இன்னைக்குப் போகலையே."

பிறகு பார்த்த இரண்டாவது தட்டிலும் அதே பெயர் இருந்தது. உடம்பு கிருமியை உண்மையிலேயே சந்தித்ததற்கு அடையாளம் அது. ஐயத்துக்கு இடம் இல்லை.

மறுநாள் மாலை அவள் மீண்டும் மேலச் சித்திரை வீதிக்குப் போனாள். கோதை இன்னும் பள்ளியிலிருந்து வரவில்லை. அழகியமணவாளன் அலுவலகத்தில் இருந்தார். முற்றத்தின் ஒரு கரையில் செங்கமலமும் மறுகரையில் வேதவதியும் நிற்க, லூர்துராணி நடுவில் நின்று செய்தியைச் சொன்னாள்.

"கோதைகிட்டக் கிருமி இல்லைங்க. இனிமேலும் வராது. எதிர்ப்பு சக்தி இருக்கு."

செங்கமலம் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். வேதவதி கைகூப்பினாள். முகத்தில் பத்து வயது குறைந்ததுபோல் இருந்தது.

"பெருமாள் காப்பாத்திட்டார். நான் எட்ட நின்னது வீண் போகலை."

லூர்துராணி கையிலிருந்த முடிவுத் தாளை மடித்தாள்.

"இன்னும் ஒரு பத்து வருஷம். அவளுக்குக் கல்யாணம் பண்ணி அனுப்பற வரைக்கும் இப்படியே இருந்துடறேன். இத்தனை நாள் இருந்தாச்சு, இதென்ன பெரிசு? ஒம்பது வருஷம் பலிச்சுதோல்லியோ? சொல்லுங்கோ, நான் ஒதுங்கி இருந்ததாலதானே அவ பிழைச்சா?"

ஆம் என்ற ஒரு சொல் போதும். அதைச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடலாம். அந்தப் பெண் தன் தவத்துக்குப் பலன் கிடைத்துவிட்ட நிறைவோடு இருப்பாள். அந்த நிறைவோடுதான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மேலும் பத்து ஆண்டுகள் ஜன்னலருகே நிற்பாள். அதுவும், கல்லீரல் அவளுக்குப் பத்து ஆண்டுகளைக் கொடுத்தால்.

"இல்லைங்க," என்றாள் லூர்துராணி.

"என்ன இல்லை?"

"கிருமி அவகிட்ட வராம இல்லைங்க. வந்துச்சு. பெரும்பாலும் பிரசவத்தப்போவே வந்திருக்கும். அவ உடம்பே சண்டை போட்டு அதைத் துரத்திடுச்சு. நீங்க குழந்தையை இவங்க கையில கொடுத்தப்போவே அது முடிவாயிருக்கும். நீங்க எட்ட நின்னதால எதுவும் ஆகலைங்க."

"எதுவும்?"

"எதுவும்."

வேதவதி நிலைப்படியின் மரத்தில் சாய்ந்தாள்.

"அவளுக்கு அம்மை வார்த்திருந்தது. அம்மா, அம்மான்னு ஜுரத்துல பினாத்தினா. நான் ஜன்னலுக்கு வெளியில நின்னேன். அதுவுமா?"

"அதுவும்தாங்க."

"முதல்முதலா நடந்து இந்த முற்றத்தைத் தாண்டி என்கிட்ட வந்தா. நான் உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுண்டேன். கதவைத் தட்டித் தட்டி அங்கேயே தூங்கிப் போயிட்டா. அதுவும்?"

லூர்துராணி ஆம் என்று தலையசைத்தாள்.

"ஆமான்னு சொல்லியிருக்கலாமே நீங்க." வேதவதியின் குரல் உடைந்தது. "ஒரு வார்த்தை. உங்களுக்கு என்ன குறைஞ்சு போயிடும்?"

"சொல்லியிருந்தா நீங்க இன்னும் பத்து வருஷம் நிப்பீங்க. உங்க ரத்தத்துல அது இன்னும் இருக்குங்க. நாள் எவ்வளவு இருக்குன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டது. கோதை புத்தகப் பையோடு உள்ளே வந்தாள். லூர்துராணியைக் கண்டதும் ஊசி எங்கே என்று தேடினாள். பிறகு, யாரும் எதிர்பாராதபடி, வேதவதி முற்றத்தில் இறங்கி, அதைக் குறுக்கே கடந்து வந்து, மகளின் இரண்டு தோள்களையும் பற்றினாள். பற்றிய பிறகு என்ன செய்வதென்று அந்தக் கைகளுக்குத் தெரியவில்லை. பையின் வாரையும் சட்டையின் மடிப்பையும் மாறிமாறித் தடவின.

கோதை விலகவில்லை. அழவும் இல்லை.

"அம்மா, பட்டுட்டியே," என்றாள். குற்றம் சொல்லும் குரல் அல்ல. கோலத்தை மிதித்துவிட்டவரிடம் சொல்வதுபோல் சொன்னாள். பையைக் கழற்றித் தூணோரம் வைத்துவிட்டு, பழகிய கால்களோடு கிணற்றடிக்குப் போனாள். வாளி இறங்கும் ஓசையும், தலையில் நீர் விழும் ஓசையும் கேட்டன.

செங்கமலம் துண்டைத் தேடி எழப்போனாள்.

"அக்கா, நீங்க இருங்கோ," என்றாள் வேதவதி.

செங்கமலம் நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு தன் வெறும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேதவதி கிணற்றடிக்குப் போனாள். நனைந்து நின்ற பெண்ணின் தலையைத் தன் புடவைத் தலைப்பால் மூடி, துவட்டத் தொடங்கினாள். முதலில் பூவைத் தொடுவதுபோல் தொட்டாள். பின்னர் அழுத்தித் துவட்டினாள். துணிக்குள்ளிருந்து கோதையின் குரல் வந்தது.

"மறுபடியும் பட்டுட்டே. மறுபடியும் குளிக்கணுமே நான்?"

"குளியேன். எத்தனை தரம் வேணும்னாலும் குளி. நான் இங்கேயேதான் நிப்பேன்."

கோதை துணியை விலக்கி, தாயின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். அவ்வளவு அருகில் அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. பிறகு வாளியைப் பார்த்தாள்.

"ஜலம் ரொம்பக் குளிர்றது," என்று சொல்லிவிட்டு, துவட்ட வாகாகத் தலையைத் தாயின் பக்கம் சாய்த்தாள்.